பித்தளைப் பிரடை பூட்டிய வீணை

கித்தார் பழுதுபார்க்கிற தம்பி ஒருவர் போன வாரம் என்னைத் தேடி வந்தார். "வீணைக்கும் தந்தி முறுக்க, கித்தார் மாதிரியே பல் வச்ச பிரடை போட்டா என்னங்க? இன்னும் மரத்தோட ஏன் மல்லுக்கட்டணும்?" என்று கேட்டார். போடலாம் தம்பி, நானே போட்டிருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே காகிதமும் பென்சிலும் வெளியே வந்துவிட்டன. உள்ளே வையுங்கள் என்றேன். எப்படிப் போடுவது என்பதைக் கொஞ்சம் கைவேலை தெரிந்த எவனும் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவான். அதற்கு நான் தேவையில்லை. போட்ட பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என்னிடம் இருக்கிறது. அது குறித்துக்கொள்கிற சமாசாரமாக இல்லை.

அவருக்கு அன்றைக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டியும், கிராமபோனுக்கு வில் மாற்றியும், வருகிற வாத்தியத்தையெல்லாம் பார்த்தும் பிழைத்தவன். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பெரிய வித்வான்களின் வீணை தஞ்சாவூருக்குப் போய்விடும். தஞ்சாவூர் வரை போக வண்டிச்சத்தம் கொடுக்கக் காசு இல்லாதவர்களின் வீணை எங்களிடம் வரும். கடை என்னுடையது அல்ல. எனக்குத் தொழில் சொல்லித்தந்த முதலாளியுடையது. அவர் பெயரை எழுதினால் அவருடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், ஆகையால் முதலாளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். என்னை எல்லாரும் ராவுத்தர் என்பார்கள். அதுவே போதும்.

மரப் பிரடை ஒரு வேடிக்கையான சாமான். மரத்தில் ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு மரக்குச்சி, குச்சியில் தந்தி. அவ்வளவுதான். குச்சி ஓட்டையைக் கவ்விப் பிடித்திருக்கிற வரைக்கும் சுருதி நிற்கும். கவ்வ வேண்டுமென்றால் திருகும்போதே உள்ளே அழுத்த வேண்டும், மணிக்கட்டில் பலம் வேண்டும். தேய்ந்துவிட்டால் நழுவும். நழுவினால் வாசிக்கிறவர் பிரடையைத் திட்டுவார், பிரடையைச் செய்தவனைத் திட்டுவார், கடைசியில் பழுதுபார்த்த நம்மைத் திட்டுவார். பித்தளைப் பிரடையில் இந்த வம்பு எதுவும் இல்லை. ஒரு திருகு, அது சுழற்றுகிற ஒரு பல்சக்கரம். இரண்டு விரலால் திருப்பினால் போதும். விட்ட இடத்தில் நிற்கும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் அதைப் பின்னுக்குத் திருப்ப முடியாது. அதுதான் அதன் பெருமை. அதைப் பெருமை என்று நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தையல்நாயகி என்று ஒரு அம்மா. என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருப்பார். புருஷன் ரங்கூனில் ஒரு மரக்கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. யுத்தம் வந்தது. பர்மா விழுந்தது. அறந்தாங்கிப் பக்கமிருந்து போன ஆட்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள், வழியிலேயே செத்துப்போகிறார்கள் என்றார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. அந்த அம்மாவுக்குத் தை மாதத்துக்குப் பிறகு கடுதாசி இல்லை, மணியார்டர் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு கொழுந்தன் வீட்டில் ஓர் ஓரத்து அறையில் இருந்தார். கொழுந்தன் கெட்டவர் அல்ல. ஆனால் சோறு போடுகிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, போடுகிற ஒவ்வொரு வேளையும் அவன் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தாலே போதும்.

வீணை அவருக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மா கொடுத்தது. பழைய ஒட்டு வீணை. குடம் தனியாக, தந்தி ஓடுகிற தண்டி தனியாகச் செய்து வஜ்ஜிரப் பசையில் ஒட்டியது. நல்ல நாதம். அப்போது ஊரிலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு புதிதாக ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றும், விஜயதசமியன்று வகுப்புத் தொடக்கம் என்றும், அன்று காலை வந்து பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துக் காட்டினால் தையல்நாயகி அம்மாவுக்கே வேலை என்றும் தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். சம்பளத்தோடு ஒரு சின்ன வீடும் உண்டு. அந்த வீடு கிடைத்தால் கொழுந்தன் கண்ணைப் பார்க்காமல் சாப்பிடலாம். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அந்த அம்மாவுக்கு உலகத்தில் வேறு விஷயம் இல்லை.

இடைஞ்சல் இரண்டு. பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தில் பிடிப்பது ஐந்து கட்டை. பெண் பிள்ளைகள் பாடுகிற சுருதி அது. இவருடைய வீணை எப்போதும் நாலு கட்டையில் நின்றது. ஐந்து வரை உயர்த்தினால் பிரடைகள் நழுவின. எண்ணெய் குடித்து வழுவழுத்துப் போன பழம் பிரடைகள், மழையானாலும் வெயிலானாலும் நழுவும். புதுசாகக் கடைந்து போடலாம் என்றால் இரண்டாவது இடைஞ்சல். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையால் அழுத்தித் திருக முடியாது. திருகும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

"ராவுத்தரே, இங்கிலீசு வாத்தியத்துல எல்லாம் திருகு வச்சிருக்காங்களாமே. அது மாதிரி இதுக்கு ஏதும் செய்ய முடியுங்களா?" என்று அவரேதான் கேட்டார்.

எங்கள் கடையில் ஒரு மாண்டலின் கிடந்தது. நொடித்துப்போன ஒரு நாடகக் கம்பெனிக்காரர்கள் பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதது. அதன் பித்தளைப் பிரடைகளைக் கழற்றி, பட்டையை அறுத்துத் தனித்தனியாக்கி, வீணையின் நாலு பெரிய தந்திகளுக்கும் பூட்டினேன். பக்கத்துத் தாளத் தந்திகளுக்கு மரமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மெல்லிய தந்தி போட வேண்டும். யுத்த காலத்தில் மெல்லிய தந்திக்கு எங்கே போவது? இருந்த தந்தியையே இழுத்துக் கட்டினோம். முதலாளி தண்டியும் குடமும் சேருகிற இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இழுவை சாஸ்திதான். வாசிக்கிற நேரம் தாங்கும். வாசிச்சு முடிச்சதும் எறக்கி வைக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன். தந்திக்கு இரண்டு சுற்று கீழே இறக்கிவிட்டுத்தான் உறையில் போட வேண்டும் என்று செய்து காட்டினேன். அந்த அம்மாவும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கோணல் கையின் இரண்டு விரலால் பித்தளைக் காதைத் திருப்பி, தந்தி ஏறுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். "இத்தன நாளா எவ்வளவு அழுதிருப்பேன், இம்புட்டுத்தானா?" என்றார். நவராத்திரி தொடங்கி, ஜனமெல்லாம் சமஸ்தானத்தில் தர்மமாகக் கொடுக்கிற அரிசியும் அம்மன் காசும் வாங்க அரண்மனைப் பக்கம் முண்டிக்கொண்டிருந்த நாட்களில், இவர் ஓரத்து அறையில் ஐந்து கட்டையில் சாதகம் செய்துகொண்டிருந்தார். தினமும் ஏற்றுவார், வாசிப்பார், இறக்குவார். ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் தம்பிகளே நீங்கள் கவனிக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று வாத்தியத்தை அம்மன் முன்னால் வைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை முடிகிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. இது எனக்குத் தெரியாததா? எங்கள் கடையிலேயே அன்று ஆயுத பூஜை. என் திருப்புளியும் அரமும் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருக்கும். முதலாளி வழக்கம், கடையில் வேலை செய்கிறவன் யாராயிருந்தாலும் அன்று ஆயுதத்தைத் தொடமாட்டான். நானும் வருஷா வருஷம் பொரிகடலையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன்தான். ஆனால் என் அரம் ஒரு நாள் சும்மா கிடந்தால் அரத்துக்கு ஒன்றும் ஆகாது. இழுத்துக் கட்டிய தந்தி சும்மா கிடப்பதில்லை. அது எனக்குத் தோன்றவில்லை. முதலாளிக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றும்? அவர் வீட்டு வழக்கத்தில் வீணையைச் சுருதி சேர்த்துத்தான் படையலில் வைக்க வேண்டும். தந்தி தொய்ந்த வீணையைச் சரஸ்வதி முன்னால் வைப்பது, எண்ணெய் இல்லாத விளக்கை வைப்பது மாதிரி. இத்தனை வருஷமும் அப்படித்தான் வைத்தார். இத்தனை வருஷமும் மறுநாள் காலையில் எடுக்கும்போது தந்தியெல்லாம் தானாக இறங்கித் தொளதொளவென்றிருக்கும். சலித்துக்கொண்டே மறுபடி சேர்ப்பார். அந்த நழுவல்தான் பழைய ஒட்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது என்று அவருக்கும் தெரியாது, அவருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. தினசரி இறக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. படையல் நாளும் ஒரு தினம்தான் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

பூஜைக்கு வரச் சொல்லியிருந்தார். பிற்பகலில் போனேன். கூடத்தின் வாசலோரம் எனக்கு மணைப் பலகை போட்டார்கள். அங்கிருந்து பூஜை அறை தெரியும். சின்ன அறை, கதவு திறந்திருந்தது. பட்டுத் துணி போர்த்தி வீணை படுத்திருந்தது, மேலே சாமந்தி. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து விடவில்லை. சுவரெல்லாம் ஓதம்.

முறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றேன்.

"மழைக்கு உத்தரம் சத்தம் போடும் ராவுத்தரே. எப்பவும் உள்ளதுதான்" என்றார் அந்த அம்மா.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. உத்தரத்தின் சத்தம் மேலிருந்து வரும், இது கீழிருந்து வந்தது. அத்தோடு ஒரு தந்தி லேசாக அதிர்ந்து அடங்கியது. பழுதுபார்க்கிறவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டாம். ஈரத்தில் வஜ்ஜிரம் இளகுகிறது. பிரடை விடமாட்டேன் என்கிறது. நடுவில் ஒட்டு வாயைத் திறக்கிறது.

"அம்மா, அது உத்தரம் இல்ல. வீண. சுருதி ஏத்தியா வச்சிருக்கீங்க?"

"சேத்துத்தானே வைக்கணும்?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எறக்கிரலாம்மா. வீணய நகட்ட வேணாம், துணிய எடுக்க வேணாம். கையை மட்டும் உள்ள விட்டு நாலு பிரடையயும் ரெண்டு ரெண்டு சுத்து. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஆகிரும்."

அவர் பூஜை அறை வாசல் வரைக்கும் போனார். நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குழந்தைகள் இரண்டும் அடுக்களைப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தார்.

"நாளைக்குக் காலையில மறுபூச முடியட்டுங்க."

"அதுவரைக்கும் தாங்காதும்மா."

"தை மாசத்துக்கு அப்பறம் ஒரு கடுதாசி இல்ல. உசுரோட இருக்காரா, எங்கிட்டு இருக்காரு, ஒண்ணும் தெரியல. இன்னிக்கு நான் இதுல கைய வச்சு, நாளைக்கு அங்கிட்டு இருந்து ஒரு சேதி வந்துச்சுன்னா, அது இதனால இல்லேன்னு எனக்கு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா ராவுத்தரே?"

ரங்கூனில் குண்டு விழுவதற்கும் புதுக்கோட்டையில் பிரடை திருகுவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். என் வாயில் அது வரவில்லை. பினாங்கில் மாட்டிக்கொண்ட என் அண்ணனுக்காக என் அம்மா தர்காவில் நேர்ந்துகொண்டு, அவன் வருகிற வரைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டேன் என்று இருந்தாள். நான் வீட்டில் அவளிடம் எண்ணெய் வை என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"சரிம்மா, நீங்க தொட வேணாம். நான் எறக்கட்டுமா? பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை.

"வேணாம்" என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், ஆனால் சீக்கிரம் யோசிக்க வேண்டும். ஒட்டு காத்துக்கொண்டிருக்காது. முதலாளி எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், சாமான் அவர்களுடையது, அவர்கள் சரியென்று சொல்லாமல் ஓர் ஆணியைக்கூடத் திருகாதே என்பது. நல்ல பாடம். அதைக் கடைப்பிடித்ததால்தான் எங்கள் கடைக்கு நல்ல பெயர். அது போக, நான் ராவுத்தர். பூஜை அறைக்குள் நான் கால் வைத்தால் என்னை யாரும் வெட்டிவிடமாட்டார்கள். கொழுந்தன் சத்தம் போடுவார், தெருவில் நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துபோவார்கள். அந்த அம்மாவைத்தான் மறக்கமாட்டார்கள். புருஷன் சேதி தெரியாத பெண்பிள்ளை, வீட்டில் வேற்றாள், படையலில் கை. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? இதையெல்லாம் நினைத்தேன். நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை. ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். சரியான காரணங்களைக் கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மணைப் பலகையில் உட்கார்ந்திருக்கலாம்.

உட்கார்ந்திருந்தேன். அவர் இலையில் சுண்டலும் பொங்கலும் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் பூஜை அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி முறுக்கென்றது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றார். நான் "போதும்மா" என்றேன். உள்ளே வீணை உடைந்துகொண்டிருந்தது, நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் மழையிலேயே எழுந்து போனேன்.

மறுநாள் விடிந்ததும் போனேன். மழை விட்டிருந்தது. மறுபூஜை முடிந்து அவர் துணியை எடுத்தார். தண்டி குடத்தை விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஒட்டில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அது போதாதென்று குடத்தின் மேல்பலகை, தந்தியைத் தாங்குகிற குதிரை நிற்கிற இடத்துக்கு அடியிலேயே கோடு விட்டிருந்தது. பித்தளைப் பிரடைகள் நாலும் வைத்த இடத்தில் வைத்தபடி, பளபளவென்று, ஒரு மயிரிழை அசையாமல் இருந்தன. என் கைவேலையை நானே அப்படி வெறுத்தது அன்றுதான்.

அந்த அம்மா அழவில்லை. "எதாச்சும் செய்ய முடியுங்களா?" என்றார். தந்தியை இறக்கி, ஒட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு கட்டைக்குக் கீழேதான் நின்றது. விரல் பதிகிற மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி, அழுத்துவதற்கு அந்தக் கோணல் கை எப்படிப் போதும்? "வச்சுட்டுப் போங்கம்மா, வேற ஏதாவது சொல்லிக்கிரலாம்" என்றேன். "வாரேன்னு சொல்லிட்டேன். போறேன்" என்று கயிறு கட்டின வீணையை எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினார். நானும் பின்னாலேயே சைக்கிளில் போனேன்.

தலைமை ஆசிரியை கண்டிப்பானவர், ஆனால் ஈரமில்லாதவர் அல்ல. காத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வீணை அழுதது. அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் ஒரு சுருதி, வீணை ஒரு சுருதி. ஒரு குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, அதைப் பார்த்து வரிசை முழுக்கச் சிரித்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியை. "இன்னிக்குத்தான் நல்ல நாள். வகுப்ப இன்னிக்கே தொடங்கியாகணும். தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்ல."

அதே வேலைக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்த இன்னொரு அம்மா ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். நான் துருத்தி ஒட்டிக் கொடுத்த ஆர்மோனியம்தான். ஒரு குறையும் இல்லாமல் பேசியது.

வீணையை முதலாளி ஒரு ஆசாரியிடம் காட்டினார். ஒட்டைச் சேர்க்கலாம், பலகையைச் சேர்க்க முடியாது, சேர்த்தாலும் நாதம் திரும்பாது என்று அவர் கையை விரித்துவிட்டார். புது வீணைக்கு வழி ஏது? தையல்நாயகி அம்மா அந்த வருஷமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விராலிமலையில் ஒரு சத்திரத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார். அப்புறம் அவர் வீணை தொட்டதாக எனக்குச் சேதி இல்லை. நான் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். புதுச் சாமானைப் பழைய சாமானில் பூட்டுகிறீர்கள் என்றால், எந்தெந்த நாளில் அதைத் தொடமாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். படையலா, தீட்டா, துக்கமா, பிரயாணமா என்று கேளுங்கள். தினமும் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது எல்லாருக்கும் தெரியும். பழைய சாமானின் ஒவ்வொரு குறையையும் களைவதற்கு முன்னால், அந்தக் குறை யாருக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். இது தொழில் பாடம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதால் சில வீணைகள் பிழைத்தும் இருக்கலாம். அதனால் என் மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னொரு பாடம் இருக்கிறது. அது எனக்கே பிடிபடவில்லை.

யுத்தம் முடிந்து, கப்பல் விட்டு, பிழைத்தவர்கள் வந்துசேர்ந்தார்கள். என் அண்ணனும் வந்தான். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஒரு நாள் மத்தியானம் தையல்நாயகி அம்மா கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அறந்தாங்கிக்காரர் ஒருவர் அவரைத் தேடி வந்து சொல்லியிருக்கிறார். நடந்து வந்த கூட்டத்தில் அவரும் தையல்நாயகியின் புருஷனும் ஒன்றாக வந்தார்களாம். அரக்கான் மலை வழியில் காய்ச்சல் கண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாசி மாதம். அந்தச் சரஸ்வதி பூஜைக்கு வெகுநாள் முன்னாலேயே.

"அன்னிக்கு நான் யாருக்காகக் காவந்து பண்ணுனேன் பாத்தீங்களா ராவுத்தரே?" என்றார்.

கையில் ஏதோ வேலை இருப்பதுபோல ஒரு திருகை எடுத்துத் துடைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். நீங்க ஏன் எங்கிட்டக் கேட்டீங்க?"

"ஒங்க வீணதானேம்மா. கேக்காம எப்படி?"

"கேட்டா நான் வேணாம்னுதானே சொல்ல முடியும்? வேற என்ன சொல்ல முடியும் என்னால? ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க பாட்டுக்கு உள்ள வந்து திருகி விட்டிருந்தா, ஒங்கள நாலு வார்த்தை வஞ்சுபுட்டு, மக்கா நாளு வீணய எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் குறைந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். சந்து முனை வரைக்கும் கூடவே போனேன். வழியெல்லாம் ஏதாவது சொல்லித் திட்டமாட்டாரா என்று இருந்தது. அவர் குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த நாலு வார்த்தைத் திட்டு இன்றுவரைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை.